செல்லப்பிள்ளைக்கு எந்த ஊர் பாஸ்போர்ட்?

மைசூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், மாண்டியா மாவட்டத்து மலை ஒன்றின்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது மேல்கோட்டை. புளியோதரைக்குப் பேர்போன ஊர். அதைவிடப் பெரிய ஒரு தொழிலும் அங்கே தொள்ளாயிரம் வருஷமாக நடக்கிறது: குடியுரிமை வழங்கல். கவுண்ட்டர் இல்லை, டோக்கன் இல்லை, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லை. தலைக்குமேல் கத்தி தொங்க ஓடிவந்த சந்நியாசி, டில்லியில் தொலைந்த பிள்ளை, அந்தப் பிள்ளையை விடமாட்டேன் என்று பின்னாலேயே வந்த பெண், எல்லாருக்கும் இடம் கிடைத்தது. உள்ளூரிலேயே பிறந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் இழுபறி. அந்த வயிற்றெரிச்சலுக்குப் பிறகு வருவோம்.

இந்த ஊர்த் தலபுராணத்தை ஒரு கையிலும் 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படிப்பது நல்ல பொழுதுபோக்கு. நடுவில் ஒரு செக்‌ஷன் ஆபீசரையும் உட்காரவைத்துக்கொண்டால் சுவாரசியம் கூடும். ஒவ்வொரு மனுவாக அவர்முன் வைப்போம்.

முதல் மனுதாரர் இராமானுசர். பிறப்பு 1017, ஸ்ரீபெரும்புதூர். வசிப்பிடம் ஸ்ரீரங்கம். தொழில், சந்நியாசம். ஊரைவிட்டு வந்த காரணம், ராஜாவோடு மனஸ்தாபம். குருபரம்பரைக் கதைகள் அந்த ராஜாவைக் கிருமிகண்ட சோழன் என்று வைகின்றன. அது எந்தக் குலோத்துங்கன் என்பதில் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சிவனே பரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆள் வந்தது. சிஷ்யர் கூரத்தாழ்வான் குருவின் காவியை உடுத்திக்கொண்டு "நான்தான் இராமானுசன்" என்று அரண்மனைக்குப் போனார். குரு வெள்ளை வேட்டிக்கு மாறி மேற்கே நடையைக் கட்டினார். அதற்காக ஆழ்வான் தன் கண்களையே விலையாகக் கொடுத்தார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் நம் ஆபீசர் பேனாவைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது வேறு: ஆள்மாறாட்டம், அடையாளத்தை மறைத்தல், செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டல். சட்டத்தின் பாஷையில் இதற்கு 'சட்டவிரோதக் குடியேறி' என்று பெயர்.

போய்ச் சேர்ந்த இடம் ஹொய்சள நாடு. அங்கே ராஜா பிட்டிதேவன். சோழர்களிடமிருந்து தலக்காட்டைப் பிடுங்கி, 'தலக்காடு கொண்டவன்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஆசாமி. சோழன் விரட்டிய ஆளுக்குச் சோழனின் பகையாளி வீட்டில் இலை போடாமல் இருப்பார்களா? தடபுடலான வரவேற்பு. ராஜாவும் சமணத்திலிருந்து வைணவத்துக்கு மாறி விஷ்ணுவர்தனன் ஆனான். ராணி சாந்தலா அசையவில்லை, கடைசிவரை சமணர்தான். ஒரே அந்தப்புரத்தில் இரண்டு மதம். இரட்டைக் குடியுரிமை கூடாது என்று அங்கே யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

வந்த வழியை மன்னித்துவிட்டால் இராமானுசரின் மனு தேறக்கூடியதுதான். இயல்புரிமைப்படி குடிமகனாக, மனுவுக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 வருஷத்தில் 11 வருஷமாவது இங்கே கழித்திருக்க வேண்டும். ஆகமொத்தம் 12 வருஷம். மரபு சொல்லும் கணக்கும் அச்சாக அதுதான்: 12 வருஷம் இந்தப் பக்கம் இருந்தார். நன்னடத்தை வேண்டும், இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிய வேண்டும். தமிழில் பேசி சமஸ்கிருதத்தில் பாஷ்யம் எழுதியவரிடம் அதைப் போய் யார் கேட்பது? இப்படித் தகுதியெல்லாம் கூடிவந்த நேரம் பார்த்து மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே கிளம்பிவிட்டார். சிஷ்யர்கள் அழுது புரண்டார்கள். சரி என்று தன்னைப்போலவே ஒரு விக்கிரகம் செய்து விட்டுப்போனார். 'தமர் உகந்த திருமேனி' என்று இன்றும் பூஜையில் இருக்கிறது. ஆள் ஊருக்குப் போயாயிற்று, ரேஷன் கார்டில் பேர் மட்டும் இங்கேயே.

இரண்டாவது மனுதான் வில்லங்கம். இராமானுசர் வந்த புதிதில் கையிலிருந்த திருமண் தீர்ந்துபோய், நெற்றிக்கு இட வழியில்லாமல் திண்டாடினார். கனவில் பெருமாள் வந்து, திருமண் இருக்கும் இடத்தையும், புற்றுக்குள் தாம் இருக்கும் இடத்தையும் சேர்த்தே சொன்னார். தோண்டினால் மூலவர் திருநாராயணர். ஆனால் வீதியுலா போக உற்சவர் இல்லை. விசாரித்தால், டில்லி சுல்தான் வாரிக்கொண்டு போனதில் அவரும் போய்விட்டாராம். இராமானுசர் டில்லிக்குக் கிளம்பினார்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சிக்கல். இராமானுசர் பரமபதித்தது 1137. டில்லியில் சுல்தான் என்று ஒருவர் உட்கார்ந்தது 1206. அதாவது, தாம் போய்ச் சேர்ந்து 69 வருஷமாவது கழித்துத்தான் அவர் இந்த டில்லிப் பயணத்தைப் போட்டிருக்க முடியும். சரித்திரப் பேராசிரியர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். மேல்கோட்டைக்காரர்கள் அசரமாட்டார்கள். ஆயிரம் தலை ஆதிசேஷனின் அவதாரம் என்று ஒப்புக்கொண்ட பிறகு அறுபத்தொன்பது வருஷத்துக்கா கணக்குப் பார்ப்பது?

சுல்தான் நல்ல மனுஷன். "கிடங்கில் குவிந்து கிடக்கிறது, உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். தேடினார், இல்லை. சாமி கிடங்கிலேயே இல்லை. சுல்தான் மகளின் அறையில், அவள் பொம்மையாக, அவளோடு சாப்பிட்டு அவளோடு தூங்கிக்கொண்டிருந்தது. "அது உங்களுடையதென்றால் கூப்பிடுங்கள், வருகிறதா பார்ப்போம்" என்று சுல்தான் கையைக் கட்டிக்கொண்டான். இராமானுசர் வாசலில் நின்று, செல்லப்பிள்ளையே வா என்றார். கட்டிலிலிருந்து குதித்து, சதங்கை கலீர் கலீர் என்று ஒலிக்க, தர்பார் முழுக்கப் பார்த்திருக்க, குடுகுடுவென்று ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. டி.என்.ஏ. சோதனை அத்துடன் முடிந்தது. அன்றிலிருந்து பெயர் யதிராஜ சம்பத்குமாரன், அதாவது துறவியரசரின் திருமகன்.

ஆபீசர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தகப்பனார் தொழில்: சந்நியாசி. தாயார் பெயர்: கோடு போட்டிருக்கிறது. தூக்கி எறிந்துவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நம் பழைய சட்டத்தில் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தர அப்பா ஒருவர் போதும், அம்மாவைக் கேட்பதே கிடையாது. 1955இலிருந்து 37 வருஷம் அப்படித்தான் ஓடியது. இந்தியப் பெண் ஒருத்தி வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டு அந்த ஊரில் பிள்ளை பெற்றால், பத்து மாதம் சுமந்த கணக்கெல்லாம் செல்லாது. சந்நியாசி அப்பா செல்லும், சொந்த அம்மா செல்லமாட்டாள்.

இதில் வேடிக்கை, செல்லப்பிள்ளையின் பூர்வீகமே தாய்வழிதான். புராணப்படி இந்த விக்கிரகம் ராமன் பூஜித்தது. அதனால் ராமப்பிரியன் என்றும் பெயர். ராமனிடமிருந்து குசனுக்கு வந்தது. குசனின் மகள் கனகமாலினி யது வம்சத்தில் வாழ்க்கைப்பட்டபோது சீரோடு சீராகக் கொண்டுபோனாள். அப்படித்தான் அயோத்திப் பெருமாள் யாதவர்களின் பெருமாள் ஆனார், கண்ணன் கைக்கு வந்தார், பிறகு இந்த மலைக்கு வந்தார். திரேதா யுகத்தில் செல்லுபடியான தாய்வழி உரிமை, கலியுகத்தில் 1992 டிசம்பர் 10ஆம் தேதிதான் மறுபடி அமலுக்கு வந்தது. யுகம் மாற எடுத்த நேரத்தைவிட ஃபைல் நகர எடுத்த நேரம் பரவாயில்லை என்று தேற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் கதை கந்தல். ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பிறக்கிற பிள்ளைக்கு 1868இல் வந்த 14ஆவது திருத்தம் தொப்புள்கொடி அறுக்கும்போதே குடியுரிமையைக் கையில் திணித்துவிடுகிறது. பெற்றோர் அந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மனசு கேட்காமல் இந்தப் பக்கம் ஓ.சி.ஐ. அட்டைக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டுக் கிடையாது, ஊருக்கு வந்துபோகலாம். பிறந்தவீட்டுக்கு வரும் பெண்ணுக்கு உள்ள உரிமை. செல்லப்பிள்ளை டில்லியில் கழித்த காலமோ ஒரு வருஷக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டது; சுல்தான் வீட்டுச் சலுகைகள் எதையும் அனுபவிக்கவில்லை என்று எழுதிக்கொடுக்க யாருக்கும் தைரியம் வராது.

மூன்றாவது மனு பீபி நாச்சியாருடையது. பொம்மை போன துக்கம் தாளாமல் சுல்தான் மகள் பின்னாலேயே புறப்பட்டு வந்தாள். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் மனுப் போட 7 வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அவளுக்கு ஏழு நாழிகைகூடப் பொறுமையில்லை. வந்தாள், பெருமாளோடு கலந்தாள். இன்று செல்லப்பிள்ளையின் திருவடியில் அவளும் இருக்கிறாள். மதம் மாறினாளா, கல்யாணம் பதிவானதா, அப்பா சம்மதம் உண்டா என்று ஐயங்கார்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் கருவறையிலேயே நிரந்தர வசிப்பிடம்.

கேள்வியெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். விக்கிரகத்தோடு திரும்பும் வழியில் ஆபத்து வந்தபோது காவலாக நின்று கரை சேர்த்தவர்கள், ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்த மக்கள் என்கிறது மரபு. இராமானுசர் நன்றியோடு அவர்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டினார், கோயிலுக்குள் வரும் உரிமையும் வாங்கிக்கொடுத்தார். எத்தனை நாளைக்கு? வருஷத்தில் மூன்று நாள். அந்தக் காலத்துக்கு அது புரட்சி, மறுப்பதற்கில்லை. ஆனாலும் டில்லிப் பெண்ணுக்குப் பெருமாள் காலடியில் ஆயுள்கால இடம், இதே மண்ணில் பிறந்து அதே பெருமாளைத் தூக்கிச் சுமந்தவனுக்கு மூன்று நாள் விசா.

இராமானுசர் கூட்டத்தோடு வந்து தங்கியவர்களின் வம்சம் மாண்டயம் ஐயங்கார்கள் என்று பெருகியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பூர்வீகத்தைக் கைமாற்றுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் வீட்டுக்குள் தமிழ். ரசம் கிடையாது, சாத்தமுதுதான். வாசலைத் தாண்டினால் சுத்தக் கன்னடம். ஆழ்வார் பாசுரங்களைக் கன்னட எழுத்தில் அச்சடித்துச் சேவிக்கிறார்கள். 1905இல் இந்த ஊரில் பிறந்த பு.தி. நரசிம்மாச்சார், அடுக்களையில் தமிழ் கேட்டு வளர்ந்து, கன்னடத்தின் பெருங்கவியாகி, 1966இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்.

பதிலுக்கு மேல்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிக் கணக்கை நேர்செய்தது. 1948 பிப்ரவரி 24 அன்று இங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊர் அப்போது மைசூர் சமஸ்தானம். அரசியல் சட்டத்தின் குடியுரிமைப் பிரிவுகளுக்கு உயிர் வந்தது 1949 நவம்பர் 26இல். ஆக, குழந்தை இந்தியக் குடியுரிமையைவிட ஒன்றே முக்கால் வயது மூத்தது. ஜெயலலிதா என்று பெயர். கதாநாயகியானது முதலில் கன்னடத்தில், 1964இல், 'சின்னத கொம்பெ' படத்தில். 1991இல் தமிழ்நாட்டு முதல்வர். 1993 ஜூலையில் காவிரித் தண்ணீர் கேட்டு மெரினாவில் உண்ணாவிரதம். தண்ணீர் எங்கே தேங்கியிருந்தது? கிருஷ்ணராஜசாகர் அணையில். அணை எங்கே? மாண்டியா மாவட்டத்தில். பிறந்தவீட்டுக் கிணற்றில் பங்கு கேட்டு இவ்வளவு பெரிய ரகளையை எந்தப் பெண்ணும் செய்ததில்லை.

வருஷா வருஷம் பங்குனியில் வைரமுடி சேவை. வைரக் கிரீடத்துக்கும் ஒரு வெளிநாட்டுக் கதை உண்டு: விரோசனன் என்ற அசுரன் திருடிக்கொண்டுபோக, கருடன் பறந்துபோய் மீட்டுக்கொண்டு வந்தது. பகல் வெளிச்சம் படக்கூடாது என்பதால் ராத்திரியில்தான் சாற்றுவார்கள். மாண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் பந்தோபஸ்தோடு புறப்பட்டு, வழிநெடுக ஊர் ஊராக ஆரத்தி வாங்கிக்கொண்டு அது மலையேறும். அரசாங்கத்துப் பொறுப்பில் உள்ள பொருள். கணக்கு, காவல் எல்லாம் கச்சிதம். அதை அணிந்துகொண்டு கருடன்மேல் வெளியே வருகிறவரிடம் ஒரு பிறப்புச் சான்றிதழ்கூடக் கிடையாது. கேட்க வேண்டிய செக்‌ஷன் ஆபீசரோ அன்றைக்குக் கேஷுவல் லீவ் போட்டுவிட்டு, கூட்டத்தில் முண்டியடித்துப் புளியோதரைக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்.