சுவருக்குத்தான் காசு, மாமா!

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே ‘சரிடா, பார்த்துக்கலாம்’ என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் ஜப்பானுக்கு வருவேன், தங்குவதற்கு மட்டும் நயா பைசா செலவழிக்க மாட்டேன், ‘உன் ரூம்லயே ஒரு ஓரமா பாயை விரிச்சுக்கறேன்’ என்கிறீர்கள். ஓரம் இருந்தால்தானே மாமா! கட்டில் போக என் அறையில் மிச்சமிருப்பது கதவு வரைக்கும் நடக்கிற வழி மட்டும்தான். அதுவும் கம்பெனி விடுதி. வெளியாள் இரவு தங்கக் கூடாதென்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உங்களை அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிடலாம், உங்கள் குறட்டையை எங்கே ஒளிப்பது? சாத்தூர் கல்யாணத்தில் மண்டபத்தின் அந்தக் கோடியில் நீங்கள் தூங்க, இந்தக் கோடியில் நாதஸ்வரக்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்ததை ஊரே பார்த்தது.

ஓட்டலுக்கும் போக முடியாது. 2024இல் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் வெளிநாட்டார் இங்கே வந்து போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தலையணை வேண்டுமே. சனிக்கிழமை இரவுக்கு ஒரு சாதாரண ஓட்டல் சொல்லுகிற வாடகையைக் கேட்டால், ஜப்பான் தூதரகம் விசா கொடுத்தாலும் அத்தை கொடுக்க மாட்டார்.

ஆனால் இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. ஓட்டல் அல்லாத இடங்களிலெல்லாம் தூங்கலாம். காரணம், ரயில். நள்ளிரவு பன்னிரண்டரை, ஒரு மணியோடு கடைசி வண்டி போய்விடும். அதற்குப் பிறகு காலை நாலரை, ஐந்து வரைக்கும் ஒன்றும் ஓடாது. டாக்சிக்கு இரவு பத்து மணியிலிருந்து 20 சதவீதம் கூடுதல். மேலதிகாரி எழுந்திருக்கும்வரை கூடவே உட்கார்ந்து குடித்துவிட்டு வண்டியைத் தவறவிட்ட கோட்டு சூட்டுக்காரர் எங்கே போவார்? அவரை நம்பித்தான் கேப்ஸ்யூல் ஓட்டல் பிறந்தது. முதலாவது ஓட்டல் 1979இல் ஒசாக்காவின் உமேதாவில் திறந்தது. வடிவமைத்த கிஷோ குரோகாவா லேசுப்பட்ட ஆளில்லை. பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி 1972இல் டோக்கியோ கின்ஸாவில் நாககின் கோபுரத்தைக் கட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கட்டடக் கலைஞர். அந்தக் கோபுரத்தை 2022இல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மலிவுப் பெட்டிகள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு பெட்டி சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். நெல்லை எக்ஸ்பிரஸின் மேல் பெர்த்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஓடு போட்டால் எப்படியோ, அப்படி. உள்ளே விளக்கு, பிளக், மெத்தை எல்லாம் உண்டு. செருப்பைப் பெட்டகத்தில் பூட்டச் சொல்வார்கள், மாற்றிக்கொள்ள உடுப்பும் தருவார்கள். கதவு மட்டும் கிடையாது, காலடியில் ஒரு திரைதான். பூட்டுகிற மாதிரி வைத்தால் சட்டப்படி அது தனி அறையாகிவிடும், அப்புறம் விதிகளே வேறு. அலாரம் அடிக்கவிடாதீர்கள் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அலாரத்துக்கே தடை போடுகிறவர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது மாங்கா கஃபே. பெயருக்குச் சித்திரக்கதை படிக்கிற கடை. சுவர் சுவராகப் புத்தகம், நடுவில் வரிசை வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர், சாய்வு நாற்காலி அல்லது மெத்தை விரித்த தரை. இரவுக்கு ‘நைட் பேக்’ என்று ஆறு மணி நேரம், எட்டு மணி நேரமாக விற்கிறார்கள். வார நாளில் 2,000, 3,000 யென்னுக்குள் முடிந்துவிடும் (ஒரு யென் சுமாராக அறுபது பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள்). காபி, சூப், ஜூஸ் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், சில கடைகளில் ஐஸ்கிரீம்கூட உண்டு. அத்தைக்கு இதைச் சொல்லாதீர்கள், உங்கள் சர்க்கரை அளவு அவருக்கு மனப்பாடம். குளிக்க ஷவரும் உண்டு. பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்க வேண்டும். 2010இலிருந்து டோக்கியோவில் இந்தக் கடைகள் அடையாளச் சான்று பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. நேரம் தாண்டினால் பத்து நிமிடம், பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் அந்தத் தடுப்புகள் கூரையைத் தொடாது. பக்கத்துத் தடுப்பில் பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்கும். கூரைவரை சுவரெழுப்பி, பூட்டும் வைத்த தனி அறைகள் கொண்ட கடைகள் இப்போது வந்திருக்கின்றன. அதற்கு விலை அதிகம். இந்த ஊரில் நீங்கள் காசு கொடுப்பது படுக்கைக்கு இல்லை மாமா, சுவருக்கு.

இதில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. டோக்கியோ மாநகர நிர்வாகம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய கடைகளில் இரவு தங்குகிறவர்களில் சுமார் 4,000 பேர் வீடே இல்லாதவர்கள். ‘நெட் கஃபே அகதிகள்’ என்று இவர்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வேலையில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். பலர் நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் இங்கே வாடகைக்கு வீடு பிடிக்கப் பெரும்பாலும் முன்பணம் வேண்டும், உத்தரவாதம் போட ஓர் ஆள் வேண்டும், அதற்கு மேல் திரும்பியே வராத ‘நன்றிப் பணம்’ என்று ஒரு தொகையை வீட்டுக்காரருக்கு மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். அன்றாடம் 2,000 யென் கொடுக்கத் தெம்புள்ளவனுக்கு அந்த மொத்தம் சேர்வதே இல்லை. எனக்கு அது ஒரு இரவுச் சாகசம். பக்கத்துத் தடுப்புக்காரருக்கு அதுதான் வீட்டு விலாசம்.

இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் பெரிய குளியல் நிலையங்களும் உண்டு. வெந்நீர்த் தொட்டியில் ஊறிவிட்டு, சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். நள்ளிரவு தாண்டினால் கூடுதல் கட்டணம். தொட்டியில் இறங்குமுன் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், ஒட்டுத்துணி இருக்கக் கூடாது. அதைக்கூட நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். சிக்கல் வேறு. 1977இல் எம்.ஜி.ஆர். ஜெயித்த ஜோரில் கையில் இரட்டை இலையைப் பச்சை குத்திக்கொண்டீர்களே! பச்சை குத்தியவர்களை இங்கே பல குளியல் நிலையங்களில் சேர்ப்பதில்லை, யாகுஸா ரவுடிக் கும்பலின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். சின்னதாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு வரச் சொல்கிற இடங்கள் உண்டு. புரட்சித் தலைவருக்கே ஸ்டிக்கரா என்று அங்கே நின்று நீங்கள் வாதாடுவீர்கள், மொழிபெயர்க்க நான் வர வேண்டும். விட்டுவிடுங்கள்.

கராவோக்கே அறையில் விடிய விடிய இருக்கலாம், சோஃபாவும் உண்டு, தூக்கம்தான் இருக்காது.

ஒசாக்கா போக புல்லட் ரயிலுக்கு 14,000 யென்னுக்கு மேல் ஆகும். ஷின்ஜுகுவில் 2016இல் திறந்த பெரிய பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்து பிடித்தால் பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது, ஓட்டல் செலவும் மிச்சம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். விளக்கணைத்த பிறகு செல்போன் வெளிச்சத்துக்கே முறைப்பார்கள். பேருந்தைவிட எனக்கு ஆசையாக இருப்பது ‘சன்ரைஸ்’ ரயில். அன்றாடம் ஓடும் தூங்கும் வண்டிகளில் இங்கே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், 1998இலிருந்து ஓடுகிறது. அதில் ‘நோபிநோபி’ என்று கம்பளம் விரித்த தரை உண்டு. படுக்கைக்குத் தனிக் கட்டணம் கிடையாது, காலை நீட்டிக்கொண்டே போகலாம். தலைமாட்டில் மட்டும் ஒரு சின்னத் தடுப்பு. பிரயாணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், காலை பத்து மணிக்கு டிக்கெட் திறக்கும். நம்மூர் தட்கல் அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

டோக்கியோவில் உங்களுக்கென்று நான் முடிவு செய்திருப்பது சான்யா. மினாமிசென்ஜு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். 1964 ஒலிம்பிக்குக்காக இந்த ஊரையே கட்டிய கூலித் தொழிலாளர்கள் தங்கிய பேட்டை. 1966இல் அந்தப் பெயரையே அரசு விலாசங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் சான்யா என்றுதான் சொல்கிறார்கள். கட்டியவர்களில் மிஞ்சியவர்கள் கிழவர்களாகி அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் தங்கிய மலிவு விடுதிகளில் சில, இப்போது முதுகுப்பை சுமந்து வரும் வெளிநாட்டார்க்கும் இடம் தருகின்றன. மூன்று பாய் விரிக்கிற அறை, பொதுக் குளியலறை. முக்கியமாக, கதவும் கூரையைத் தொடுகிற சுவரும் உண்டு. சுவர் கெட்டியா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வராதீர்கள். இங்கே தொடர் விடுமுறை, ஊரே பெட்டி தூக்கிக் கிளம்பிவிடும், எல்லா விலையும் ஏறிவிடும். வேறு எந்தத் தேதி என்றாலும் இந்த வாரமே முடிவு செய்து எழுதுங்கள், அறையை நான் பிடித்து வைக்கிறேன். அத்தையிடம் சீடை கேட்டிருந்தேன், ஞாபகப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்