காணும்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது பாதிக் கூரை இல்லை. இங்கிலீசு சேர் சூறாவளியைப் பற்றிப் பத்து வசனம் எழுதச் சொன்னார். புதிதாகப் படித்த சொல்லை எப்படியாவது போட்டுவிடும் ஆசையில், காற்று 'ஃபெயர்லி' பலமாக வீசியது என்று எழுதிக் கொடுத்தேன். சேர் கொப்பியை மூடாமல் கேட்டார்:

"உண்ட வீட்டுக் கூரை எங்க கிடக்கு?"

"தெரியா சேர்."

"அப்ப இந்தச் சொல்லு இங்க வராது."

அன்றைக்கு முழுப் பாடமும் அந்த மாதிரிச் சொற்கள்தான். கரும்பலகையில் ஏணி கீறினார். அடிப்படியில் 'டொலரபிளி': பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே 'அடிக்குவேட்லி', 'சஃபிஷியன்ட்லி': தேவைக்குச் சரி. இன்னும் கொஞ்சம் மேலே 'ஃபெயர்லி', 'ரீசனபிளி': ஓரளவு நன்று. 'சட்டிஸ்ஃபாக்டரிலி'யின் வயிற்றுக்குள் 'போதும்' என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது என்றார். "போதும் எண்டு ஆர் சொல்றாங்க, அத முதல்ல பாக்க வேணும்."

அந்த ஏணிதான் பின்னாளில் எனக்குச் சோறு போட்டது. 2004 டிசம்பர் 26 கடல் எழும்பி வந்த பிறகு, 2005இல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். தகரக் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கி, சனங்கள் சொல்வதை ஆங்கிலத்தில் படிவத்தில் நிரப்புவது வேலை. அனர்த்த உதவிக்கென்று உதவி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு அந்தப் படிவத்தின் தலையிலேயே இருந்தது: ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம், நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர்.

ஒரு கொட்டிலில் ஐந்து பேர். உச்சி வெயில், தகரம் கொதிக்கிறது. தண்ணீர் போதுமா என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். என்னோடு வந்திருந்த வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "காணும் மனே. அவங்களும் பாவம், எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்காங்க." நான் 'அடிக்குவேட்லி' என்று எழுதினேன்.

வெளியே வரும்போது வாசலில் இரண்டு மஞ்சள் கான்கள் நின்றன, இருபது லீற்றர்க் கான்கள். ஐந்து பேருக்கு 75 லீற்றர் வேண்டும், நாற்பதுதான் இருந்தது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடந்தது, அவ்வளவும் உப்பு. எங்கள் ஊரான தேற்றாத்தீவுக்குப் பெயர் கொடுத்தது தேற்றா மரம் என்பார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டால் கலங்கல் அடியில் படியும், தண்ணீர் தெளியும். மாரி வெள்ளம் வற்றிய நாட்களில் அம்மம்மா உரசுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உப்பைத் தேற்றாங்கொட்டை எடுக்காது.

திரும்பிப் போய் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'நாற்பது லீற்றர், ஐந்து பேர்' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாகனம் ஸ்டார்ட்டில் நின்றது. அந்த அம்மா சொன்னது மரியாதை; நான் அதை அளவாக்கிவிட்டேன். இருபது வருடமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுக்கிறேன். தமிழிலேயே 'டீசன்டா இருக்கு', 'ரீசனபிளா முடிஞ்சுது' என்று பேசுகிற பிள்ளைகள். அந்தச் சொற்களை எழுதவும் நன்றாகவே வருகிறது. அப்படி ஒரு சொல் கட்டுரையில் வந்தால், பக்கத்தில் ஓர் எண்ணையும், அதைச் சொன்னது யார் என்பதையும் எழுதச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அலுப்புத்தான். நான் விடுவதில்லை.

போன வருடம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதை எட்டுகிறார், கல்வீட்டில் இருக்கிறார். பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

"சீனி காணுமா மனே?"

"காணும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினார்.