சித்தப்பாவுக்கு ஒரு லிஸ்ட்டும் 18.36 யூரோவும்

மியூனிக்,
5 ஜனவரி 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பறக்கும் ரயில் போன சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "2024 பட லிஸ்ட்ட இன்னும் அனுப்பல, அங்க போய் திருந்திட்டியா?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. திருந்தவில்லை. ஆனால் லிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

இந்த ஊரில் வீடு எடுத்து, நகராட்சி ஆபீசில் விலாசத்தைப் பதிந்த கொஞ்ச நாளில் ஒரு கவர் வரும். பொது ரேடியோ, டிவிக்கு வீட்டுக்கு மாதம் 18 யூரோ 36 சென்ட் கட்டு என்று. என்னிடம் டிவி இல்லை என்று எழுதினேன். பரவாயில்லை, கட்டு என்றார்கள். ரேடியோவும் இல்லை என்றேன். அதுவும் பரவாயில்லையாம். 2013க்கு முன்பு வரை பெட்டி இருந்தால்தான் காசு. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தொல்லையாகி, வீடு இருந்தாலே காசு என்று மாற்றிவிட்டார்கள். தாத்தா தபாலாபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டின கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவரிடம் ரேடியோவாவது இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08, வருஷத்துக்கு 220.32. நம்ம காசுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். சித்தி காதில் போட்டுவிடாதீர்கள், "அந்தக் காசுக்கு ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கலாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கு விலக்கு என்று நோண்டிப் பார்த்தேன். கண் பார்வை, காது கேட்பது இரண்டுமே இல்லாதவர்களுக்கு உண்டு. நவம்பரில் 'கங்குவா' பார்த்து வெளியே வந்த ராத்திரி எனக்குப் பாதித் தகுதி வந்துவிட்டது. சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சொன்ன படமாயிற்றே.

கட்டின காசை விடுவேனா? போனிலேயே ரேடியோ கேட்க ஆரம்பித்தேன். பாட்டுக்கு நடுவே எந்த நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கின்றன என்று நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். எனக்குக் கார் கிடையாது. இருந்தாலும் நான் காசு கொடுத்து வாங்கிய டிராஃபிக் ஜாம் என்பதால் கடைசி வரை கேட்பேன். என் ஜெர்மன் மொழி அறிவில் முக்கால்வாசி நெரிசல் சம்பந்தப்பட்டதுதான்.

சரி, லிஸ்ட். முதல் இடம் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. மலையாளப் படத்துக்கு முதலிடமா என்று முறைக்காதீர்கள், உயிர் கொடுத்தது 1991இல் வந்த நம்ம 'குணா' பாட்டு. ஆபீசில் கூட வேலை பார்க்கிற ஜெர்மன்காரனைக் கூட்டிப் போயிருந்தேன். குழிக்குள் விழுந்தவனை மேலே தூக்கும்போது பாட்டு எழும்ப, தியேட்டரே கத்துகிறது, நான் கண்ணைத் துடைக்கிறேன். "அவன்தான் பிழைத்துவிட்டானே, ஏன் அழுகிறாய்?" என்று கேட்டான். இளையராஜா, கமல், கொடைக்கானல், நீங்கள் எனக்குப் போட்டுக் கொடுத்த கேசட் என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? தூசி என்றேன்.

'கொட்டுக்காளி' வீட்டில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஊருக்கே மௌன விரதம். ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தொட்டியில் போடக் கூடாது, கீழ் வீட்டு அம்மாளுக்கு நான் தும்மினாலே கணக்கு. பின்னணி இசையே இல்லாமல் வினோத்ராஜ் எடுத்திருப்பதால், சட்டத்துக்கு உட்பட்டுப் பார்க்கக்கூடிய ஒரே தமிழ்ப் படம் என்று தைரியமாக உட்கார்ந்தேன். சூரி திடீரென்று எல்லாரையும் போட்டு அடிக்கிற இடத்தில் லேப்டாப் மேல் தலையணையை வைத்து அமுக்கினேன். படத்தில் வருகிற சேவலையும் அமுக்க வேண்டியிருந்தது.

'லப்பர் பந்து' உங்களுக்கே தெரியும். விஜயகாந்த் பாட்டு வரும்போதெல்லாம் நீங்கள் விசில் அடித்திருப்பீர்கள் என்று தங்கச்சி சொல்லாமலே தெரியும்.

பாட்டு விஷயத்தில் ஒரு சண்டை பாக்கி. 'மனசிலாயோ'வில் மலேசியா வாசுதேவனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நீங்கள் துள்ளினீர்கள். 2011இல் போனவரின் குரலில் இயந்திரம் பாடுகிறது. குரல் அவருடையதுதான், மறுக்கவில்லை. வரிக்கு நடுவே ஒரு சிரிப்பை இழுத்துவிட்டு மூச்சு வாங்குவாரே, அதைக் காணோமே? 'கோட்' படத்தில் பவதாரிணி குரலை அப்படிக் கேட்டபோது, அவர் அதே வருஷம் ஜனவரியில்தான் போனார் என்பதால், பாட்டை முழுசாகக் கேட்கவே முடியவில்லை. கோவிந்த் வசந்தா இசையில் கமல் பாடினதைத்தான் வருஷக் கடைசி வரை ஓட்டினேன்.

அதாவது 'மெய்யழகன்'. நீளம் என்று 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பே பார்த்தவன் நான். கல்யாண மேடையிலேயே தங்கச்சி பையைப் பிரித்து, அரவிந்த்சாமி வாங்கிவந்த நகைகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொள்கிற இடம் ஒன்று வருகிறதே... நம்ம வீட்டுத் தங்கச்சி கல்யாணத்தை நான் வீடியோ காலில் பார்த்தவன். போனைப் பிடித்த புண்ணியவான் தாலி கட்டும் நேரத்தில் பந்தி இலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். லீவு கேட்டால் கிடைத்திருக்கும், சித்தப்பா. வேலை போய்விடுமோ என்று கேட்கவே இல்லை.

உதயம் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? உதயம், சூரியன், சந்திரன் என்று எதில் டிக்கெட் கிடைத்தாலும் நுழைந்த குடும்பம் இது. நான் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்கிற மாதிரியா ஆகிவிட்டது?

பிப்ரவரியில் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, இந்தத் தடவை லீவும் கேட்டாயிற்று. அஜித்தின் 'விடாமுயற்சி' பொங்கலுக்கு இல்லை என்றாகிவிட்டதால் அதற்குள் வந்தாலும் வரும். மாப்பிள்ளை அஜித் கட்சியா விஜய் கட்சியா என்பதை மட்டும் இப்போதே விசாரித்து எழுதுங்கள். முதல் தடவை நேரில் பார்க்கிறேன், வந்த அன்றே சண்டை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்