தங்க விலை உரைப்போர் இயல்

பொருளாதார விமர்சகர் என்ற இனம் ஸ்டுடியோ விளக்கின் சூட்டில் வளர்வது. மும்பையில் மிகுதி. சென்னையிலும் அண்மைக் காலமாகப் பெருக்கம் கண்டிருக்கிறது. கோலார் தங்கவயலில் மட்டும் தென்படுவதில்லை. சாதாரண ஊராக இருந்தால் இதை விட்டுவிடலாம். ஆனால் 2001 வரை நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்த ஊர் அது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே கேஜில் இறங்கி டிரில் பிடித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். தங்கம் வாங்கலாமா விற்கலாமா என்று கேட்க அவர்களை ஒரு சேனலாவது கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே இத்துறையின் முதல் விதி: தங்கம் பற்றிய ஞானம், தங்கத்துக்கும் பேசுபவருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்துக் கூடும்.

இனத்தின் மூலபுருஷர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கட்சி ஹாரி மார்க்ஸ். 1884ல் லண்டனில் 'ஃபைனான்ஷியல் நியூஸ்' பத்திரிகையைத் தொடங்கியவர். மோசடிக் கம்பெனிகளை அம்பலப்படுத்துவதில் அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பெயர். அந்தப் பெயரைக் கொண்டே, ரே டிரான்ஸ்வால் என்ற தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தின் பங்குகளை அது வாசகருக்குச் சிபாரிசு செய்தது. சுரங்கத்தை மறைவில் நின்று சந்தைக்குக் கொண்டுவந்தவரும் பங்குகளை விற்றவரும் ஆசிரியரேதான். இதை ஒருவர் துண்டுப் பிரசுரம் போட்டுச் சொல்ல, மார்க்ஸ் அவதூறு வழக்குப் போட்டு 1890ல் தோற்றார். தோற்றதால் என்ன ஆயிற்று? 1895ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தவறான கணிப்பு உத்தியோக உயர்வுக்குத் தடையன்று என்ற இரண்டாம் விதி அன்றே நிலைபெற்றுவிட்டது.

நம் பக்கத்துக் கதையும் அதே காலத்தது. 1879 முதல் 1881 வரையில் வயநாட்டுத் தங்கத்தை எடுப்பதற்கென்று லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கு மேல். பந்தலூர் ஒரே நாளில் பட்டணமாகப் பார்த்தது. கிடைத்த தங்கம் கம்பெனி நோட்டீஸ் அச்சடித்த செலவுக்குக் கட்டியிருக்குமா என்பதே சந்தேகம். அந்தச் சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கோலார் பங்கையும் வேண்டாம் என்று தள்ளினார்கள். கோலாரில் தோண்டிக்கொண்டிருந்த மைசூர் கம்பெனியின் ஒரு பவுண்டு பங்கு பென்ஸ் கணக்குக்கு இறங்கியது. மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று ஜான் டெய்லர் கம்பெனி பங்குதாரர்களை இணங்க வைத்தது. அவர்கள் ஆள் கேப்டன் பிளம்மர் தோண்டினார். சாம்பியன் என்ற தங்க ரேகை அகப்பட்டது. ஊரே கொண்டாடிய இடத்தில் தங்கம் இல்லை. ஊரே கைவிட்ட இடத்தில் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் விமர்சகர் தொழில் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாறாக, இரண்டுக்கும் காரணம் விளக்க ஆள் தேவைப்பட்டதால் தொழில் செழித்தது.

ஒரு விமர்சகரின் வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலில் நிருபர், கம்பெனி கொடுக்கும் அறிக்கையைத் தமிழ்ப்படுத்துகிறார். பிறகு பத்தி எழுதுகிறார். புகைப்படம் அச்சாகிறது. அங்கிருந்து தொலைக்காட்சி. இங்கேதான் அவர் மொழி முதிர்கிறது. “ஒரு கரெக்‌ஷன் வந்தா வாங்கலாம். வரலேன்னா வெயிட் பண்ணலாம். லாங் டெர்ம்ல நல்லாருக்கும்.” இந்த மூன்று வாக்கியத்தையும் பொய்யாக்கக்கூடிய நிகழ்ச்சி பிரபஞ்சத்தில் எதுவும் இல்லை. அடியில் சிவப்பும் பச்சையுமாக எண்கள் ஓடிக்கொண்டிருப்பதால், மேலே பேசுவதும் கணக்குதான் என்று பார்ப்பவருக்குத் தோன்றுகிறது.

உலக அளவில் இந்த இயலுக்கு இலக்கணமாக நிற்பவர் அமெரிக்காவின் ஜிம் கிரேமர். 2008 மார்ச் 11 அன்று ஒரு நேயர் கேட்டதற்கு, பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்கு ஒன்றும் ஆகாது என்று கத்திச் சொன்னார். ஐந்தாம் நாள் அந்த நிறுவனம் பங்குக்கு 2 டாலர் என்று கைமாற ஒப்பந்தம் ஆயிற்று. நேயரின் டெபாசிட்டைத்தான் சொன்னேன், பங்கைச் சொல்லவில்லை என்பது அவர் தரப்பு. அவர் சொல்வதற்கு நேர் எதிராக முதலீடு செய்வதற்கென்றே 2023ல் ஒரு ஃபண்டு தொடங்கினார்கள். அதுவும் ஓராண்டுக்குள் நஷ்டத்தில் மூடப்பட்டது. அவர் சொன்னபடி நடந்தாலும் லாபமில்லை, மாற்றி நடந்தாலும் லாபமில்லை என்பதை இவ்வளவு செலவழித்து நிரூபித்த சோதனை வேறில்லை.

குடுகுடுப்பைக்காரரோடு இவர்களை ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை குடுகுடுப்பைக்காரருக்கு அநீதி. விடியற்காலையில் வந்து நல்ல காலம் பிறக்குது என்பவர் பழைய புடவை ஒன்றோடு போய்விடுவார்; சொல்வதற்கு முன்னால் நம் வீட்டை வாங்கி வைத்து, சொன்ன பிறகு விற்கமாட்டார். 2021 ஜனவரியில் ஒரு ஹிந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளர்மீது பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி இடைக்கால உத்தரவு போட்டது ஏறக்குறைய இந்த விஷயத்துக்குத்தான். 2024 பிப்ரவரியில் இன்னொரு வணிகச் சேனலின் விருந்தினர்கள் சிலர்மீதும் அதே வகை உத்தரவு வந்தது. இப்போது பொறுப்புத் துறப்பு வாசகம் திரையில் ஓடுகிறது. நல்ல கண்ணாடி இருந்தால் அதில் முதல் இரண்டு சொல்லைப் பிடிக்கலாம். வாசகரிடம் உள்ளதை முதலிலேயே சொல்லிவிடும் விஷயத்தில் தங்கவயல்காரர்கள் வேறு மரபில் வந்தவர்கள். அவர்கள் பின்னால் ஏற்று நடத்திய, அயோத்திதாசர் 1907ல் தொடங்கிய பத்திரிகையின் முதல் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. வாங்குகிறவனுக்கு ஆகும் செலவு தலைப்பிலேயே அடக்கம். பின்னால் 'தமிழன்' என்று சுருங்கி, 1926ல் அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது.

இனி இந்த ஊரின் முக்கியமான தேதிக்கு வருவோம். 1956ல் சுரங்கம் அரசுடைமையானது. பிறகு வெகுகாலம் எடுத்த தங்கத்தைச் சர்வதேச நாணய நிதிய விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் விலை அதைவிட எவ்வளவோ மேல். கணக்கில் நஷ்டம் விழுந்தது. நஷ்டத்தில் ஓடுகிற சுரங்கம் என்று எழுதினார்கள். தாதுவும் மெலிந்தது உண்மைதான். ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த பாறை, கடைசியில் 3 கிராம் வாக்கில் நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் சுமார் 256 டாலர் என்று அந்த ஆண்டின் அடிமட்டத்தைத் தொட்டது ஏப்ரல் 2 அன்று. இடைவெளி 33 நாள். நூற்றிருபது ஆண்டு ஓடிய சுரங்கத்தை அடிவிலைக்கு இவ்வளவு நெருக்கத்தில் மூடுவது வேண்டுமென்று முயன்றாலும் கைகூடாது. தங்கத்துக்கு இனி எதிர்காலமில்லை என்பது அக்காலத்து அறிஞர் கொள்கை. இங்கிலாந்து அரசே தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. சவரன் அப்போது மூவாயிரத்துச் சொச்சம். 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. ஏன் தாண்டியது என்பதற்கு அன்று மாலையே எல்லாச் சேனலிலும் விளக்கம் கிடைத்தது.

தங்கவயலிலும் முன்னறிவிப்புத் துறை ஒன்று உண்டு. ஆழத்தில் பாறை திடீரென்று வெடிப்பதை அங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அதை ஆராய 1988ல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனத்தையே அங்கு வைத்தார்கள். இவ்வளவு கருவி வைத்தும் பாறை இன்ன நாள் இன்ன மணிக்கு வெடிக்கும் என்று அவர்கள் சொன்னதில்லை. தொலைக்காட்சிக்கு லாயக்கற்றவர்கள்.

இப்போது சயனைடு மேடுகளுக்கு யோகம் அடித்திருக்கிறது. தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மலைகள் 13ஐ மறுபடி சலிக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது என்கிறார்கள். டெண்டர், சுற்றுச்சூழல் அனுமதி, தூசி பற்றி ஊராரின் புகார் என்று அதற்கு எத்தனையோ படிகள். ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் முன்பே கைவந்தது: பத்து வருடப் பேச்சைக் கொட்டிச் சலித்து, பலித்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து, “அன்றே சொன்னார்!” என்று தலைப்பிட்டு ஏற்றிவிடுகிறார்கள். அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.