பழைய கார்களின் பின்கண்ணாடியில் வேண்டுதல் அடுக்குகள்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஜவ்வாது மலையைப் பற்றி எழுதியவர்கள் சந்தன மரத்தைப் பற்றி எழுதினார்கள், சாமையைப் பற்றி எழுதினார்கள், மலையாளிப் பழங்குடிகளின் பூர்விகத்தைப் பற்றி ஒருவரையொருவர் மறுத்து எழுதினார்கள். காவலூர் வானாய்வகத்தையும் விடவில்லை. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று சான்று சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூற்றுக்கணக்கான கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வளையம் தெரிந்த அதே மலையில், பத்தடி முன்னால் ஏறிப்போகும் பழைய மாருதியின் பின்கண்ணாடியில் என்ன ஒட்டியிருக்கிறது, யார் ஒட்டினார், எந்த மனநிலையில் ஒட்டினார் என்று ஆராய ஒரு முனைவரும் முன்வரவில்லை. இவ்வாறாக ஏற்பட்டுள்ள ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இடைவெளி இருந்ததால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று.

ஆய்வுப் பொருள், பரதேசம் வந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் பழைய கார்கள். முதலில் வரையறைகள். மனிதன் ஒரு சமூக விலங்கு என்று தொடங்கி இரண்டு பக்கம் நிரப்பும் மரபை இடநெருக்கடி கருதிக் கைவிடுகிறோம். கிறிஸ்தவக் குடும்பம் என்பது இங்கே, வேலை நிமித்தம் சமவெளியிலிருந்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒன்றைக் குறிக்கும்: கணவர் ஆசிரியர், மனைவி செவிலியர், குழந்தைகள் இருவர், ஞாயிறு ஆராதனைக்குக் கீழே இறங்கியாக வேண்டிய கட்டாயம் ஒன்று. பரதேசம் என்பது, வண்டி நின்றுபோனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மெக்கானிக் இல்லாத ஊர். இவ்வளவைக்கொண்டு பார்த்தால் ஆலங்காயத்திலிருந்து மலையேறுவதும் கடல் கடப்பதும் ஒன்றே. வளைகுடாவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களின் கார்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. அங்கே சாலை நேராக இருப்பதால் ஆய்வுக்குரிய பக்தி குறைவு. இத்துறைக்கு வட்டாரத்திலேயே ஒரு முன்னோடிக் குடும்பம் உண்டு. ஆற்காடு மிஷனின் ஸ்கடர் குடும்பத்தில் வந்த மருத்துவர் ஐடா ஸ்கடர், 1909இல் ஒற்றை சிலிண்டர் பெஜோ கார் ஒன்றில் வேலூரைச் சுற்றிச் சாலையோர மருத்துவம் தொடங்கினார். கிராமத்தார் அந்த வண்டியைக் கண்டு மிரண்டு ஓடினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வண்டியைக் கண்டு ஊரார் வேண்டிக்கொண்ட காலம் அது. உரிமையாளரே வேண்டிக்கொள்ளும் காலம் பழைய கார்ச் சந்தை வந்த பிறகு பிறந்தது.

இனி நம் கோட்பாடு. ஒரு வண்டியில் ஒட்டப்பட்டுள்ள வேண்டுதல்களின் எண்ணிக்கை, அதன் பிரேக்கின் மீது உரிமையாளருக்கு இருந்த நம்பிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இதை வேண்டுதல் விதி என்போம். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வண்டி, ஏறிய வழியே இறங்கவும் வேண்டும். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானம் போகும். பிடிமானம் போன அனுபவம் ஒருமுறை வாய்த்தவர், கீழே வந்ததும் முதலில் போகுமிடம் ஒர்க்‌ஷாப் அன்று, ஸ்டிக்கர் கடை. அங்கே செலவு குறைவு. ஆகவே ஸ்டிக்கரைப் பக்தியின் சான்றாகப் படிப்பது மேலோட்டமான வாசிப்பு. அது ஒரு பழுது அறிக்கை. இக்கருத்தை இன்னும் எழுதப்படாத ‘வண்டி லட்சணம்’ என்னும் நூலும் வழிமொழிகிறது.

சான்றுகளைக் காலவரிசைப்படுத்துவதில் இத்துறை கல்வெட்டியலைவிட முன்னேறியது என்றே சொல்ல வேண்டும். இம்மலையின் தெற்கு அடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைச் சொல்லி, கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கப் போராடி இன்னார் பட்டார் என்பவை அக்கற்கள். நடுகல் பட்டவரைச் சொல்கிறது, பின்கண்ணாடி படாமல் தப்பியவரைச் சொல்கிறது. ஆட்சியாண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவதில் அறிஞர்கள் சண்டையிட இடமுண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன ஸ்டிக்கரிலோ ஆண்டே அச்சாகியிருக்கும். ஒரு வண்டியில் 2011, 2012, 2013 வரிசையாக இருந்து 2014 மட்டும் இல்லையென்றால், அவ்வாண்டு வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது, அல்லது குடும்பம் சபை மாறியது. மீட்டரைத் திருப்பி வைத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சாதிக்கும் விற்பனையாளர்கூட வாக்குத்தத்தங்களைத் திருப்பி வைக்க மறந்துவிடுகிறார். சபை வேறுபாடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. கத்தோலிக்க வண்டியில் வேளாங்கண்ணி மாதா டேஷ்போர்டில் ஓட்டுநரைப் பார்த்து நிற்பார். ஐயம் தன் பிரேக்கின் மீது. பெந்தெகொஸ்தே வண்டியில் சுரூபம் கிடையாது, வசனம் பெரிய எழுத்தில் பின்னால் வருபவரைப் பார்த்திருக்கும். ஐயம் அவருடைய பிரேக்கின் மீது. சி.எஸ்.ஐ. வண்டியில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சிலுவை, கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்றி ஒட்டியதுபோல் இருக்கும். ஆற்காடு லுத்தரன் திருச்சபை: தரவு போதாது.

சிக்கல் எங்கே எழுகிறதென்றால், வண்டி சமயம் கடந்து கைமாறும்போது. முன்னாள் உரிமையாளர் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகனின் வேல் ஸ்டிக்கரை உரித்த பிறகும், வெயில் படாத இடம் வேலின் வடிவிலேயே தெளிவாக நிற்கும். இதைச் சுரண்ட வேண்டும் என்பார் ஒரு சாரார். இதன்மேல் சிலுவையை ஒட்டினால் போதும் என்பார் மற்றொரு சாரார். சுரண்டல்வாதிகளிடம் பிளேடு இருக்கிறது, ஆனால் பின்கண்ணாடியின் ஹீட்டர் கோடுகள் அறுந்துபோவதற்கு அவர்களிடம் விடையில்லை. மேலொட்டுவாதிகளோ, சிலுவையின் கைகள் வேலின் அலகை முழுதாக மறைக்கா என்ற கணித உண்மையை எதிர்கொள்ளத் திணறுகிறார்கள். இவ்விரு தரப்பையும் சமரசம் செய்ய முயல்வது எழுதப்படாத ‘பின்கண்ணாடிச் சிந்தாமணி’யின் இரண்டாம் பாகம், முதல் பாகம் எழுதப்படுவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டது. அதற்கு எழுதப்படாத விருத்தியுரை ஒன்றும், அவ்வுரையைக் கண்டித்து எழுதப்படாத மறுப்புரை ஒன்றும் உண்டு. மறுப்புரையின் 47ஆம் அடிக்குறிப்பு, மேலும் விவரங்களுக்கு இன்னொரு எழுதப்படாத நூலைப் பார்க்கச் சொல்கிறது. அந்நூல் இந்தக் கட்டுரையைப் பார்க்கச் சொல்கிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கருத்தரங்க மலர்களில் வெளியாகும் மேற்கோள்களும் இப்படித்தான் சுற்றி வருகின்றன. எங்கள் ஆதாரங்கள் எழுதப்படாதவை என்பதால் அவற்றில் அச்சுப்பிழை இல்லை, கட்டுரையாளர் கட்டணமும் இல்லை.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். இயல்பிலேயே பக்திமானாக இருப்பவரின் நல்ல வண்டியையும் இவ்விதி பழுதென்று சொல்லிவிடாதா என்பது முதலாவது. ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தைக் கவனித்தால் ஐயம் தீரும். கண்ணாடியில் ஒட்டியது பக்தி. கதவின் கீழ் விளிம்பில், சக்கர வளைவின் மேல், பம்பரின் ஓரத்தில் ஒட்டியது துருவுக்கும் பட்டி பார்த்த இடத்துக்கும் போட்ட திரை. இரண்டாவது, சட்டத்தின் எதிர்வாதம்; இதுதான் வலுவானது. வண்டி யாருடையது என்பதை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர்தான் தீர்மானிக்கும், கைமாறியும் பெயர் மாறாதிருந்தால் விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆர்.சி. யாருடைய வண்டி என்று சொல்கிறது, எப்படிப்பட்ட வண்டி என்று சொல்வதில்லை என்பதே நம் விடை. மூன்றாவது, வேதசாத்திரிகளின் எதிர்வாதம்: விசுவாசம் ஸ்டிக்கரில் இல்லை. இதை மறுப்பதற்கில்லை, பிரேக்கும் அதில் இல்லை.

வாய்மொழிச் சான்றை, அதாவது புரோக்கரை, என்ன செய்வது? வேலூரில் விற்பனைக்கு வரும் வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டியது, சிங்கிள் ஓனர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுத்தது என்பது மரபு. இம்மரபின் தொன்மை வியக்கத்தக்கது. செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் பெறாதவனிடம் இன்ன வழியாகப் போ, இன்ன இடத்தில் பார்த்து நட, கேட்டதெல்லாம் தருவார் என்று சொல்லி அனுப்புகிறான். எனக்கு அமைந்தது, உங்களுக்கும் அமையும், என் பெயரைச் சொல்லுங்கள் என்கிற இந்தப் பேச்சு வேலூர் கார்ச் சந்தையில் இன்றும் அப்படியே கேட்கிறது. ஆகவே மலைபடுகடாமே தமிழின் முதல் பழைய கார் நூல் என நிறுவலாம். அப்போது கார் இல்லையே என்பார் உளர். சங்க இலக்கியத்தில் அணுவியல் முதல் மேலாண்மையியல் வரை கண்டெடுத்த கருத்தரங்குகளில் எழாத அக்கேள்வி இங்கே மட்டும் எழுவது நியாயமில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கூத்தன் வழியிலுள்ள ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்கிறான்.

எனவே மலைக்குப் புதிதாக வந்து பழைய கார் தேடும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவைக் காட்பாடிச் சாலையில் முடித்துக்கொள்ளாதீர்கள். மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் புரோக்கரை உட்கார வையுங்கள். படிவம் 29இல் இரண்டு பிரதியும் படிவம் 30உம் கையெழுத்தாகிக் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்னவர் கடனில் வாங்கியிருந்தால் வங்கியின் படிவம் 35 வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸில் பெயர் மாற்ற 14 நாள். ஸ்டிக்கருக்குக் கெடு எதுவும் இல்லை.