முரசுக்குள் ஒளிந்திருந்த முப்பது லட்சம்

ஒரு படம் போட்ட காசை எடுத்ததா இல்லையா என்ற சண்டையை யூடியூப்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நம்பும் தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. பாவம். தேனாம்பேட்டையின் வடக்கு ஓரத்தில், மவுண்ட் ரோடும் கதீட்ரல் ரோடும் முட்டிக்கொள்ளும் முனையில், 1948-லேயே இந்தச் சண்டை அமர்க்களமாக நடந்து முடிந்துவிட்டது. இன்று அங்கே நட்சத்திர ஓட்டலும் பார்சன் மேனரும் நிற்கின்றன. அன்று நின்றது ஜெமினி ஸ்டூடியோ. அந்த முனையில் உள்ள மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம், ஆனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால், "ஜெமினியா சார்?" என்று திருப்பிக் கேட்பார், மீட்டரைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார்.

ஸ்டூடியோவின் சொந்தக்காரர் எஸ்.எஸ். வாசன். திருத்துறைப்பூண்டிக்காரர். விளம்பர வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் 1928-ல் ஆனந்த விகடனை 200 ரூபாய்க்கு வாங்கினார். இன்று 200 ரூபாய்க்கு மல்டிபிளெக்ஸில் ஒரு டப்பா பாப்கார்ன் கூட முழுசாக வராது. அவர் அதில் ஒரு சாம்ராஜ்யத்தையே வாங்கிப்போட்டார். குறுக்கெழுத்துப் போட்டி வைத்து ஊரையே பென்சிலும் கையுமாக உட்காரவைத்தார். இன்னொரு பக்கம் குதிரைப் பந்தயத்தில் ஆர்வம். 1940 வாக்கில், இயக்குநர் கே. சுப்பிரமணியத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு ஸ்டூடியோ தீயில் கருகி ஏலத்துக்கு வந்தபோது, எண்பத்தாறாயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்தார். கரிக்கட்டைக்கு இவ்வளவா என்று சிலர் சிரித்திருப்பார்கள். சிரித்தவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை.

ஜெமினி என்ற பெயரே வாசன் வீட்டுப் பந்தயக் குதிரை 'ஜெமினி ஸ்டார்' கொடுத்தது என்பார்கள். இங்கே சென்னை மாநகரம் ஒரு நகைச்சுவை செய்திருக்கிறது. 1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வெற்றியைக் கொண்டாட, திமிறும் குதிரையை மனிதன் அடக்கும் சிலைகளை வைத்தார்கள். எங்கே? ஜெமினி மேம்பாலத்தடியில். அப்புறம் 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்துவிட்டது. படத் தயாரிப்பு எதில் சேரும் என்று இதுவரை எந்த நீதிமன்றத்திலும் யாரும் வழக்குப் போடவில்லை. தயாரிப்பாளர்களே அந்தத் தீர்ப்புக்குப் பயப்படுகிறார்கள் போலும்.

சரி, கதைக்கு வருவோம். 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' என்று அடுத்தடுத்து இரண்டு வெற்றி. கையில் காசு. மனதில் 'சந்திரலேகா' என்ற பெயர். கதை மட்டும் இல்லை. பெயரை முதலில் விளம்பரப்படுத்திவிட்டு, பிறகு கதை இலாகாவைக் கூப்பிட்டுக் கதை கேட்டார் வாசன். ஹீரோ கால்ஷீட்டை வாங்கிவிட்டுக் கதை தேடும் இன்றைய வழக்கத்தைத் திட்டுபவர்கள் கவனிக்கவும்: இது கோடம்பாக்கத்தின் சீரழிவு அல்ல, மரபு. கதை இலாகாவில் கொத்தமங்கலம் சுப்பு முதலிய ஜாம்பவான்கள் இருந்தார்கள். கடைசியில் வேப்பத்தூர் கிட்டு, ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் புத்தகத்தில், கொள்ளைக்காரர்கள் வண்டியை மறித்து ஒரு பெண்ணை ஆடச்சொல்லும் கட்டத்தைப் படித்தார். ஒரு கட்டம் போதாதா? அதிலிருந்து இரண்டு இளவரசர்கள், ஒரு சிம்மாசனம், ஒரு நாட்டியக்காரி, இரண்டு சர்க்கஸ் கம்பெனி எல்லாம் முளைத்தன.

சர்க்கஸ் என்றதும் செட் போட்டு ஒரு கரடியைக் கட்டிவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கமலா சர்க்கஸ், பரசுராம் சர்க்கஸ் என்று நிஜக் கம்பெனிகளையே பிடித்துவந்தார்கள். யானைக்குத் தீனி, சிங்கத்துக்குக் கறி. படப்பிடிப்பு இல்லாத நாளிலும் சிங்கம் சாப்பிடும். அதற்கு 'கேன்சல்' என்றால் புரியாது. தினப்படி பேட்டா வாங்கியவர்களில் வேலை தாமதமானதற்கு யாரையும் குறை சொல்லாதவை இந்த ஜீவன்கள்தான்.

1943-ல் பேச்சைத் தொடங்கி 1948-ல் முடித்தார்கள். நடுவே உலகப் போர் முடிந்தது, வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான், நாடு இரண்டாகி ஒன்றுக்கு விடுதலை என்றும் இன்னொன்றுக்குப் பாகிஸ்தான் என்றும் பெயர் வந்தது. சந்திரலேகா மட்டும் முடியவில்லை. இயக்குநர் ஆச்சார்யா, சட்டம் படித்தவர், பாதிக்கு மேல் எடுத்துவிட்டு வாசனோடு ஒத்துப்போகாமல் விலகினார். ஒளிப்பதிவாளர் கே. ராம்நாத்தும் போய்விட, கமால் கோஷ் வந்தார். டைரக்டர் நாற்காலியில் வாசனே உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவர் இயக்கிய முதல் படம். பழகிப் பார்க்க ஒரு குட்டிப் படம் எடுக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஸ்டூடியோவில் இருந்திருக்க மாட்டார்.

இதே கூரையின் கீழே இன்னொரு பைத்தியக்காரத்தனமும் நடந்துகொண்டிருந்தது. நடன மேதை உதய்சங்கர் 'கல்பனா' என்று முழு நீள நடனப் படம் ஒன்றை ஜெமினியிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். அது 1948 தொடக்கத்தில் வந்து வசூலில் மண்ணைக் கவ்வியது. 64 ஆண்டுகள் கழித்து, 2012-ல், கேன்ஸ் விழாவில் மெருகேற்றிய பிரதியாகத் திரையிட்டுக் கைதட்டினார்கள். 64 ஆண்டுக் காத்திருப்புக்கு வட்டி போட்டால் என்ன ஆகும் என்று எந்த சௌகார்பேட்டை சேட்டிடமும் கேட்டுவிடாதீர்கள். சங்கரின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் வாசனுக்கு முரசு நடனத்தில் ஆசை வந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு.

அந்த முரசு நடனம்! ஆள் உயரத்துக்கும் மேலான முரசுகள், அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள். பல மாதம் ஒத்திகை. சில நிமிடக் காட்சி. படத்தின் உள்ளேயே இதற்கு ஒரு தயாரிப்பாளர் இருக்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை: வில்லன் சசாங்கன், அதாவது ரஞ்சன். "கல்யாணத்துக்குச் சம்மதம், ஆனால் முதலில் முரசு நடனம்" என்கிறாள் சந்திரலேகாவாக வரும் டி.ஆர். ராஜகுமாரி. மனிதர் யோசிக்காமல் செலவு செய்கிறார். ஆடி முடிந்ததும் முரசுகள் உடைந்து உள்ளேயிருந்து எதிரிப் படை குதிக்கிறது. போட்ட காசுக்குள்ளிருந்தே எதிரி கிளம்பிய முதல் ஃபைனான்சியர் அவர்தான். கடைசி ஃபைனான்சியர் அல்ல.

மொத்தச் செலவு? பரவலாகச் சொல்வது 30 லட்சம். அதற்கு மேலும் ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. ஏற்றிச் சொல்வது அன்றைக்கும் விளம்பரத்தின் ஓர் அங்கம். சினிமா பட்ஜெட் எப்போதுமே மூன்று: படம் வருமுன் ஒன்று, படம் படுத்த பின் ஒன்று, வருமான வரிக்காரர் வந்த பின் ஒன்று. எல்லாமே சத்தியம்.

அந்தக் காலத்தில் பத்து கிராம் தங்கம் நூறு ரூபாய்க்கும் கீழே. ஆக 30 லட்சம் என்றால் 300 கிலோவுக்கு மேல் தங்கம். இன்றைய தங்க விலையில் பெருக்கினால் முந்நூறு கோடியைத் தாண்டுகிறது. "இப்போதுதான் சார் பட்ஜெட் எகிறிவிட்டது" என்று பெருமூச்சு விடுபவர்கள் பெருக்கல் வாய்ப்பாட்டை எடுத்துப் பார்க்கலாம். நட்சத்திரச் சம்பளம் பற்றிய பெருமூச்சும் பழசு. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கினார். நடிக்க விருப்பமில்லாமல், ஆளைத் துரத்திவிடத்தான் அந்தத் தொகையைச் சொன்னாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார். கதாநாயகன் சம்பளத்தில்தான் தொழிலே கெட்டது என்று சொல்வோமானால், அந்த வேலையைத் தொடங்கிவைத்த கதாநாயகன் ஒரு பெண்மணி.

இனி முதல் எடுக்கும் கணக்கு. ஜெமினியின் கணக்குப்பிள்ளை ஒருவர், பயந்த சுபாவம், இப்படிப் போட்டுப் பார்த்திருக்கக்கூடும். தரை டிக்கெட், பெஞ்சு, சேர் எல்லாம் சேர்த்து சராசரி நாலணா என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வர 1 கோடியே 20 லட்சம் டிக்கெட் கிழிய வேண்டும். ஆனால் நாலணாவும் ஸ்டூடியோவுக்கு வராது. தியேட்டர்காரர் பங்கு இருக்கிறது. 1939-லேயே சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரி வந்துவிட்டது. பாதிதான் கைக்கு வரும் என்றால் 2 கோடியே 40 லட்சம் டிக்கெட். மாகாணத்தின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 5 கோடி. அதில் தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாம் அடக்கம். தமிழ் பேசுவோர் பாதிக்கும் குறைவு.

"பாஸ், தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தை உட்பட எல்லாரும் ஒருதரம் பார்த்தாலும் இடிக்கிறது."

"இரண்டாம் தரம் பார்க்க மாட்டார்களா?"

"தொட்டில் குழந்தை பார்க்காது, பாஸ்."

இந்த உரையாடல் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஸ்டூடியோவில் வாசனை எல்லாரும் பாஸ் என்றுதான் அழைத்தார்கள், அது நிச்சயம்.

1948 ஏப்ரல் 9-ல் தமிழ்ப் படம் வெளியானது. கூட்டம் வந்தது, பாராட்டு குவிந்தது, வாய் பிளந்து பார்த்தார்கள். முதல் மட்டும் வரவில்லை. படம் ஓடுவதும் முதல் திரும்புவதும் ஒரே வீட்டில் இருந்தாலும் பேசிக்கொள்ளாத இரண்டு மாமியார்கள் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. ஹாலிவுட்டுக்கு இது தெரிய 1963 ஆனது: அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த படம் 'கிளியோபாட்ரா', ஆனாலும் நஷ்டம். தொலைக்காட்சி உரிமையை 1966-ல் விற்ற பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. ஓடிடி உரிமையை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் நம் தயாரிப்பாளர்கள் கிளியோபாட்ராவாக நடித்த எலிசபெத் டெய்லருக்கு ஒரு படம் மாட்டிப் பூப்போடலாம்.

வாசனுக்கு ஓடிடி இல்லை. டி.வி. இல்லை. சாட்டிலைட் என்றால் அன்றைக்கு நிலா ஒன்றுதான். சொத்துகள் அடகில், நகைகள் கையைவிட்டுப் போய்விட்டன என்கிறார்கள். இன்னொரு வசதியும் இல்லை: நஷ்டத்தைத் தள்ளிவிட ஆள். வாசனே விநியோகஸ்தராகத் தொழிலுக்கு வந்தவர். படம் எடுப்பதும் விற்பதும் அவரே. இன்று அப்படியில்லை. என்.எஸ்.சி., எம்.ஆர்., டி.கே. என்று மாநிலத்தை ஏரியா ஏரியாவாக வெட்டி, மினிமம் கேரண்டிக்குக் கொடுத்துவிட்டால் தயாரிப்பாளருக்கு ரிலீஸுக்கு முன்பே முதல் வந்துவிடும். அடி விழுவது வாங்கியவருக்கு. 2002-ல் 'பாபா' விழுந்தபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனசுதான், ஆனால் தொழிலுக்குக் கெட்ட பழக்கம். 2014 டிசம்பரில் அவருடைய 'லிங்கா' வந்து, அடுத்த மாதமே வள்ளுவர் கோட்டத்தருகே விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரே படம் ஒரு மேஜையில் லாபமும் இன்னொரு மேஜையில் உண்ணாவிரதமுமாக இருக்க முடியும். எந்த மேஜையின் கணக்கு என்று கேட்காமல் 'ஹிட்டா ஃப்ளாப்பா' என்று அடித்துக்கொள்வதுதான் என் போன்றவர்களுக்கு எரிச்சல்.

வாசன் தன் கணக்கைத் திருத்தவில்லை, வரைபடத்தைத் திருத்தினார். மதராஸில் விநியோகத் தொழிலில் இருந்த தாராசந்த் பர்ஜாத்யா, இதை இந்தியில் விடலாம் என்று தூண்டினார் என்பார்கள். சில காட்சிகளை மறுபடி எடுத்து, வசனத்தை மாற்றி, பத்திரிகைகளில் அதுவரை யாரும் செய்யாத அளவுக்கு விளம்பரம் கொட்டி, 1948 டிசம்பரில் வடக்கே இறக்கினார். முதலே திரும்பாத படத்துக்கு மேலும் செலவு! கணக்குப்பிள்ளை அன்றோடு ராஜினாமா செய்திருக்க வேண்டும். ஆனால் முரசுக்கு மொழி கிடையாது. சிங்கத்துக்கும் கிடையாது. பம்பாயில், டில்லியில், கல்கத்தாவில் ஜனம் வரிசை கட்டியது. பணம் வந்தது. 'பான் இந்தியா' என்ற சொல்லை எழுபது ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்தவர்கள், அப்போது பிறக்கவே இல்லை. பர்ஜாத்யாவின் ராஜ்ஸ்ரீ நிறுவனமும் இந்த விநியோகத்தில் தலைநிமிர்ந்தது. அவருடைய பேரன் 1994-ல் 'ஹம் ஆப்கே ஹை கோன்' எடுத்தார். அதில் முரசுகள் இல்லை, ஒரு நாய்க்குட்டி மட்டும். செலவைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட குடும்பம்.

வாசனைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். எல்லோருக்கும் வடக்குத் திசை திறக்கவில்லை. கண்ணதாசன் 1959-ல் 'சிவகங்கைச் சீமை' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, மறு ஆண்டு 'கவலை இல்லாத மனிதன்' எடுத்து மீதிக் கையையும் சுட்டுக்கொண்டார். தலைப்பு கடன்காரர்களைப் பற்றியதாக இருக்கலாம். 1958-ல் எம்.ஜி.ஆர். கையிலிருந்ததையெல்லாம் 'நாடோடி மன்ன'னில் கொட்டி, ஜெயித்தால் மன்னன், தோற்றால் நாடோடி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு படத்தின் முதல், நஷ்டக் கணக்கைத் தலைப்பிலேயே எழுதிவைத்தவர் அவர் ஒருவர்தான்.

தப்பிப் பிழைத்த வாசன் இனிமேல் சிக்கனம் என்று முடிவு செய்தார், அவர் பாணியில். 1949-ல் அடுத்த படம்: 'அபூர்வ சகோதரர்கள்'. இந்த முறை வடக்கு நினைவுக்கு வரக் காத்திருக்கவில்லை. தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றுக்கும் சேர்த்தே திட்டம். கதையோ பிரிந்து வளரும் இரட்டைச் சகோதரர்கள் கதை. தமிழில் இரண்டு பேருமே எம்.கே. ராதா. இந்தியில் இரண்டு பேருமே ரஞ்சன். எந்த மொழியில் பார்த்தாலும் திரையில் இரண்டு கதாநாயகர்கள், சம்பளப் பட்டியலில் ஒருத்தர். சிங்கம் கிடையாது.