எள்ளுருண்டைக் கணக்கு

வா தம்பி, இதில இரு. கொழும்பால எப்பொக்சிப் பசை வந்திட்டுதாம். வவுனியாவால சல்லிக்கல்லும் வந்திறங்கிட்டுதாம். இனி வீட்டுக் கோடிக்கை நிண்டு கருங்கல் வார்க்கப் போறியாம். கடவுள் வார்த்து வைச்ச கல்லு உனக்குக் காணாதோ?

சிரிக்கிறன் எண்டு கோவிக்காத. விசயம் நல்ல விசயம்தான். 1946இல அரல்டைட் எண்டு உந்தப் பசையைச் சந்தைக்கு விட்டவன் சுவிஸ்காரன். பேந்து அந்த நாட்டு ஸ்டூடர் கொம்பனி, சாணை பிடிக்கிற மிசினுக்கு வார்ப்பிரும்பை விட்டிட்டுக் கல்லையும் பசையையும் குழைச்சு அடிக்கட்டை வார்த்தது. ஏனெண்டு கேள். இரும்பைத் தட்டினால் கணகணக்கும். உது "தொம்" எண்டு அடங்கிப்போகும். அடிக்கட்டை நடுங்காட்டி வேலை சுத்தம். உன்ர மாமன் சுவிஸில கோப்பை கழுவுறான், நீ இஞ்சை கிளிநொச்சியில சுவிஸ் மிசின் வார்க்கிறாய். நடக்கட்டும்.

ஆனால் வாளி நிறையப் பசையை ஊத்தி, மேலால நாலு கல்லைத் தூவப் போறாய் எண்டு கேள்விப்பட்டன். உன்ர அப்பாச்சி எள்ளுருண்டை பிடிக்கேக்க சட்டிப் பாகையும் கவிட்டவவே? எள்ளு ஒட்டுற அளவுக்குத்தானே விட்டவ? நிறையில பத்தில ஒரு பங்கு பசை காணும். மிச்சம் கல்லு. பாரம் தாங்கிறது அதுதான். பசை காசைத் தின்னும், வேறென்ன?

அளவு தெரியேல்லையோ? அதுக்குக் கொம்பியூட்டர் என்னத்துக்கு? வாளியில கல்லை நிரப்பி, விளிம்பு மட்டும் தண்ணியை அளந்து ஊத்து. உள்ளுக்குப் போன தண்ணிதான் இடைவெளி. அவ்வளவு பசை வேணும். ஒரே அளவுக் கல்லெண்டால் வாளியில அரைவாசிக்குக் கிட்ட வெறும் ஓட்டைதான். பெருங்கல்லு, அதுக்கிடையில சின்னன், அதுக்கிடையில மணல், கடைசியில கல்லுத்தூள். குலுக்கிக் குலுக்கிப் போட்டிட்டு இன்னொருக்கா அளந்து பார். குறைஞ்ச தண்ணியெல்லாம் உன்ர காசு. அதுக்காக நனைஞ்ச கல்லை அப்பிடியே குழைச்சுப்போடாத! கழுவி, காயவிட்டு, சூடு ஆறவிடு. ஈரக்கல்லில பசை பிடிக்காது. சுடுகல்லில நீ கையெடுக்க முதல் இறுகிப்போடும்.

பசையை இறுக்கிற ஹாட்னரைக் கூட விட்டால் கெதியாய் இறுகும் எண்டு ஆர் சொன்னது? அது பொலியெஸ்டர்காரன்ர கதை. எப்பொக்சிக்குத் தகரத்தில எழுதின கணக்குத்தான் கணக்கு. கூடினாலும் குறைஞ்சாலும் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். வாளியில கலந்து வைச்சிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போகாத. குவியலாய்க் கிடந்தால் தன்ர சூட்டிலயே புகைக்கும், அதுவும் எங்கட பங்குனி வெய்யிலில. கையுறையைப் போடு. தோல் ஒருக்கா அதோட பகைச்சால் பிறகு உறவில்லை.

இதில ஒரு பகிடி இருக்கு. எப்பொக்சி செய்யக் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் வேணும். ஆனையிறவு உப்பெடுத்து அந்த ரெண்டையும் பரந்தன் பக்டரியில செய்தவங்கள், உன்ர அப்பன் காற்சட்டை போட முதல். இப்ப நீ கொழும்புத் தகரத்துக்குக் காவல் இருக்கிறாய்.

ஓம், மிஞ்சினதில அடுப்படிக்கு மேசைத்தட்டு வார்த்துத் தாறன் எண்டு கொம்மாவுக்குச் சொன்னனியாம். சும்மா வீட்டுச் சூட்டில இறுகின பசை அறுபது பாகைக்கே இளகத் தொடங்கும். அவ சோத்துப் பானையை எங்க இறக்கி வைக்கிறதெண்டும் சொல்லிப்போட்டியோ?